கனப்பட்டை

ஞாயிற்றுக்கிழமை மதியம் புருஷன் படுத்த பிறகுதான் சுகந்தி கனமான வேலைகளைத் தொடுவாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆண்கள் கறிச்சோறு தின்றுவிட்டு மின்விசிறிக்குக் கீழே மல்லாந்ததும், வீட்டுக்கு வீடு பீரோ நகரும், மெத்தை மாடிக்கு ஏறும், சிலிண்டர் உருளும். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், கோயம்புத்தூர்ப் பெண்களுக்கு ஞாயிறு மதியமானால் பேய் பிடித்துவிடுகிறது என்று நினைத்துக்கொள்வார். பேய் இறங்கியிருக்கும் நேரமே அதுதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

துணைப்பட்டை கடைக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டு பட்டைகள் சேர்ந்தது ஒரு ஜோடி. ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டவரின் முதுகெலும்பில் விழும் சுமையில் பெரும்பகுதி, மற்றதைக் கட்டிக்கொண்டவரின் முதுகுக்குப் போய்விடும். ஒருவர் வீட்டிலும் ஒருவர் டெல்லியிலும் இருந்தால்கூடப் போகும். எடை இயந்திரத்தில் ஏறி நின்றால் இருவருக்கும் அவரவர் பழைய எடையைத்தான் காட்டும். முதுகுக்கு மட்டுமே விஷயம் தெரியும். கம்பெனி இரண்டுக்கும் வாயில் நுழையாத ஏதோ பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் லேசுப்பட்டை, கனப்பட்டை என்று வைத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தின்போது குமரகுருவின் சட்டை அவன் மேல் காற்றில் ஆடும். அதன் பிறகு வருடா வருடம் தவறாமல் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று சேர்த்துக்கொண்டே வந்தான். நாற்பதைத் தொடும்போது குனிந்து ஷூ மாட்ட முடியாமல் காலையில் கத்துவான். ஒருநாள் கத்தல் தாங்காமல் மாமியாரே இருவரையும் பட்டைக் கடைக்கு அழைத்துப் போனாள்.

கடையில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். "இது ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கட்டறதுக்குத்தானுங்க. ஒரு மாசம் சாருக்கு லேசு, அடுத்த மாசம் மேடத்துக்கு லேசு. ஒருத்தரே தொடர்ந்து கனத்தைக் கட்டுனா முதுகெலும்பு வட்டு தேஞ்சு போயிருமுங்க."

மாமியார் கடையே அதிரும்படி சிரித்தாள். "ஏங்கண்ணு, அவ கனம் என்ற மகன் மேல ஏறோணுமா? ஏத்தறதுக்கு அவகிட்ட என்ன இருக்குது? கொக்காட்டம் இருக்கறா."

குமரகுரு சிரித்தான். கடைப்பெண்ணும் வேறு வழியில்லாமல் சிரித்தாள். சுகந்தியும் சிரித்தாள். கொக்கு என்பதை அவள் அன்றைக்குப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, மாமியார் தன் கையால் கனப்பட்டையை மருமகளின் இடுப்பில் பூட்டினாள். எல்லா வீட்டிலும் அதே கதைதான். ஏதோ ஒரு ஊரில், உத்தரவாதச் சீட்டோடு, ஆணா பெண்ணா என்று பார்க்காமல் செய்யப்பட்ட ஒரு மருத்துவச் சாமானை இந்த ஜனங்கள் சுமங்கலி அடையாளமாக்கிவிட்டார்கள். கழற்றினால் புருஷனுக்கு ஆகாது என்றார்கள். பட்டைக் கொக்கிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். ஆடி மாதம் கோயிலில் பட்டைக்கென்று தனிப் பூஜை நடந்தது. மாற்றிக் கட்ட வேண்டும் என்று கடையில் சொன்னதை மட்டும் ஒருத்தரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

சுகந்தி பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். கரும்பலகை முன்னால் நின்றபடியே நாள் போகும். குமரகுரு பம்ப்செட் கம்பெனியில் மாடிப்படி ஏறும்போதெல்லாம், இங்கே அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் வாங்கிக்கொள்வாள். அவன் உட்கார்ந்தால் மந்தமாக ஒரு கனம். நடந்தால் இடித்து இடித்து இறங்கும். படுத்தால்தான் விடுதலை.

அவள் வாய்விட்டு முறையிட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவ்வளவு நல்ல காரணம் இல்லை. அவளுக்கு அவனை இகழ்வது பிடித்திருந்தது.

வெளியே தெரியாத இகழ்ச்சி அது. தட்டில் இட்லி வைக்கும்போது, துணி மடிக்கும்போது, அவன் அம்மாவோடு போனில் பேசும்போது, உள்ளே ஒரு சின்ன அடுப்பு போல எரிந்துகொண்டிருக்கும். 'தின்னு. நீ தின்பதை நான் சுமக்கிறேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாத உன் ஒவ்வொரு கிலோவும் எனக்குத் தெரியும்.' தன் இடுப்பின் மெலிவைக் கண்ணாடியில் பார்க்கும்போது அந்த அடுப்பில் இன்னொரு விறகு விழும். ஒரு சண்டை போட்டுப் பட்டையை மாற்றிக் கட்டியிருக்கலாம். ஆனால் சண்டையைவிட இகழ்ச்சி சுலபமாக இருந்தது, சத்தமும் இல்லை. வருடங்கள் அதிலேயே போய்விட்டன.

சென்ற ஆவணியில் குமரகுரு பயிற்சி என்று புனே போய்விட்டு வந்தான். வந்ததிலிருந்து முகத்தில் ஒரு தெளிவு. விடிவதற்கு முன்பே எழுந்து, கம்பெனி ஜி.எம். தாமோதரசாமியோடு ரேஸ்கோர்ஸில் ஓடப் போகத் தொடங்கினான். அவன் கிளம்பிப் போன சிறிது நேரத்தில் சுகந்தியின் முதுகில் திமுதிமுவென்று இறங்கும். சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பவள் அப்படியே சமையல் மேடையில் கவிழ்ந்து கிடப்பாள். 'யாரடா உன்னை ஓடச் சொன்னது, பூசணிக்காய்' என்று மனசுக்குள் திட்டுவாள்.

சாயங்காலங்களிலும் கணக்கு உதைத்தது. அவன் டிவி முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருப்பான். அவள் முதுகிலோ யாரோ நடந்துகொண்டிருப்பார்கள். பட்டை பழசாகிவிட்டது, சுமை தாமதமாக வருகிறது என்று நினைத்தாள். நினைக்க வசதியாக இருந்ததை நினைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் படுத்து, குறட்டை நன்றாக ஊன்றிய பிறகு, அவள் அரிசி டிரம்மை அணைத்துத் தூக்கினாள். பாதி தூக்கியிருக்கும்போது முதுகில் ஒரு ஆள் எழுந்து நின்றான்.

டிரம் நழுவி விழுந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறை வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். குமரகுரு மல்லாந்து கிடந்தான். வயிறு ஏறி இறங்கியது. பனியனுக்குக் கீழே பட்டையின் நீல விளிம்பு தெரிந்தது. அவள் முதுகில் இருந்தவன் இப்போது படியேறத் தொடங்கினான். வலது கால் ஊன்றல் பலமாக, இடது கால் சற்று இழுத்து. மேலே போய் நின்றான். நின்றதும் குதிகாலைத் தூக்கி முன்விரலில் எம்பி எம்பி ஆடினான். நிற்பது, எம்புவது, இறங்குவது. ஒவ்வொரு எம்பலும் இடுப்பில் ஆணி போல இறங்கியது.

"என்ன சத்தம்?" என்று குமரகுரு கண் திறக்காமல் கேட்டான்.

"உங்க பட்டைய ஒருக்காக் காட்டுங்க."

"பழசாயிருச்சு. சர்வீசுக்குக் குடுக்கோணும்." புரண்டு படுத்துக்கொண்டான். "சித்த தூங்க உடு சுகந்தி."

அவள் திரும்ப சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது வெட்கம். இத்தனை மாதமாக விடியற்காலையில் மேடையில் கவிழ்ந்துகொண்டு இவனைத் திட்டிய திட்டெல்லாம் தவறான ஆளுக்குப் போயிருக்கிறது. ஓடியவன் வேறு எவனோ. முகம் தெரியாத ஒருவனின் உடம்போடு குடித்தனம் நடத்திவிட்டு, அவன் கொழுப்பைத் தன் புருஷனுடையது என்று நம்பி, அருமையாக இகழ்ந்திருக்கிறாள்.

அது யார் என்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் பட்டையைக் கழற்றுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். அதற்குள் வலி மட்டும் இடது காலுக்கு இறங்கிவிட்டதால் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் இளம்பரிதி அவளை எடை இயந்திரத்தில் ஏற்றி இறக்கினார்.

"நாப்பத்தொம்பது. சூப்பர் மேடம். உங்க வயசுல இப்படி வச்சிருக்கறவங்க ரொம்பக் கம்மி."

"முதுகு வலிக்குதுங்க டாக்டர்."

"எப்படி வலிக்கும்? முதுகுவலிங்கறது பாதிக்கு மேல எடை சமாச்சாரம். இருபதுல, முப்பதுல ஏத்தற சதைய முதுகெலும்பு மறக்காது மேடம். அம்பதுல வந்து கேக்கும். அப்புறம் குறைச்சாலும் பழசு பழசுதான். நீங்கதான் ஏத்தவே இல்லயே!"

"கனப்பட்டை கட்டியிருக்கறனுங்."

"அது எல்லாப் பொம்பளைங்களும் கட்டறதுதானே."

ஸ்கேன் படம் திரையில் வந்தது. டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் குரல் கொடுத்தார். "சிஸ்டர், படம் மாறிப்போச்சு பாருங்க. இது நூறு கிலோ ஆளோட முதுகு. வட்டெல்லாம் அப்பளமாட்டம் நொறுங்கியிருக்குது."

"மாறலைங்க டாக்டர்" என்றது உள்ளிருந்து குரல். "அவங்க படம்தான்."

டாக்டர் சற்று நேரம் திரையைப் பார்த்தார், சுகந்தியைப் பார்த்தார், எடை இயந்திரத்தைப் பார்த்தார். மூன்றில் எதை நம்புவது என்று யோசித்து இயந்திரத்தை நம்பினார். "டென்ஷன் கொறைங்க. டீச்சர் வேலையில அது இருக்கும்" என்று மாத்திரை எழுதினார். எழுதி முடித்ததும் இருபது வயதுக்காரனைப் போல நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். வெள்ளைக் கோட்டுக்குக் கீழே லேசுப்பட்டையின் வரி புடைத்துத் தெரிந்தது. இந்நேரம் எங்கோ ஒரு சமையலறையில் ஒருத்தி பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று சுகந்தி நினைத்தாள். அவளுக்கும் டென்ஷன் இருக்கும்.

தை மாதம் தாமோதரசாமிக்கு மணிவிழா. பெரிய மண்டபம், இரட்டை நாதஸ்வரம். குமரகுரு ஒரு வாரமாகவே பட்டு வேட்டி, பரிசுப் பொருள் என்று பறந்துகொண்டிருந்தான். "சித்திரையில பிளான்ட் மேனேஜர் போஸ்ட் காலியாகுது. ஜி.எம். கைலதான் இருக்குது. சிரிச்ச மொகமா வா" என்று காரில் சொன்னான்.

கலசத் தண்ணீர் ஊற்றி முடிந்து, தம்பதி புதுத்துணி மாற்றிக்கொண்டு மேடைக்கு வந்திருந்தார்கள். தாலி கட்ட இன்னும் நேரம் இருந்தது. ஷிப்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள் முன்னாடியே விழுந்து கும்பிட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்ததால் கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு வரிசை கட்டினார்கள்.

தாமோதரசாமி கனத்த ஆள். கழுத்து மாலைக்குள் புதைந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு ஜோடிக்கும் சோபாவிலிருந்து விருட்டென்று எழுந்து அட்சதை தூவினார். "அறுபதுன்னு ஆரு சொல்லுவாங்க! அரை மணி நேரம் நிக்காம ஓடறாரு" என்று பின்னாலிருந்து யாரோ வியந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி கஸ்தூரி சக்கர நாற்காலியில் இருந்தாள். கழுத்து வரை பட்டு, கழுத்துக்கு மேலே பொட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு முகம். அவளுக்கு முதுகு போய் இரண்டு வருடம் ஆகிறது என்று சுகந்தி கேள்விப்பட்டிருந்தாள்.

வரிசையில் நின்றபோதே சுகந்திக்கு அன்றைய நாள் வித்தியாசமாகப் பட்டது. முதுகில் இருப்பவன் உட்காருவதும் எழுவதுமாக இருந்தான். உட்காருவான், எழுவான். ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் முறை வந்தது. குமரகுரு அலங்காரமாக நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். சுகந்தி மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தாள். அவள் கண்ணுக்கு நேரே நலங்கு வைத்த, தாமோதரசாமியின் இரண்டு பருத்த பாதங்கள் இருந்தன. பாதங்கள் ஊன்றின. வலது அழுத்தமாக, இடது சற்று இழுத்து. அதே நொடியில் அவள் குனிந்த முதுகில் முழுக் கனமும் வந்து ஏறியது.

பிறகு அந்தப் பாதங்களின் குதிகால்கள் உயர்ந்தன. எம்பின, இறங்கின. எம்பின, இறங்கின. கண்ணெதிரே பார்ப்பதும் முதுகில் வாங்குவதும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தன.

"நல்லா இருங்க, நல்லா இருங்க" என்றது மேலேயிருந்து குரல். அரிசி அவள் தலையில் விழுந்தது. குமரகுரு எழுந்துவிட்டான். அவளால் எழ முடியவில்லை.

"எந்திரி" என்று அவன் பல்லிடுக்கில் சொன்னான். "எல்லாரும் பாக்கறாங்க."

"என்ன அம்மிணி, இத்தன ஒல்லியா இருந்துட்டு எந்திரிக்க முடியலயா?" தாமோதரசாமி பெரிதாகச் சிரித்தார். "குமரகுரு, ஊட்டுக்காரம்மாளையும் காத்தால ஓடக் கூட்டியா. இந்தக் காலத்துப் பொம்பளைகளுக்குத் தெம்பே இல்ல."

சுகந்தி தரையில் கையூன்றித் தலையை நிமிர்த்தினாள். சக்கர நாற்காலியிலிருந்து கஸ்தூரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை சுகந்தியின் இடுப்புக்கு இறங்கி, சேலை மடிப்புக்குள் புடைத்திருந்த கொக்கியில் ஒரு கணம் நின்று, விலகியது. அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் தெரியாதவளைப் பார்க்கும் பார்வை அது.

யாரோ இரண்டு பெண்கள் சுகந்தியைத் தூக்கிவிட்டார்கள். பொண்ணு அறை என்று எழுதியிருந்த அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். மணிவிழாவில் மணப்பெண் ஏது? அறை காலியாக இருந்தது. சேலையைத் தளர்த்தி, மஞ்சள் கறை ஏறிய கொக்கியை நெம்பினாள். அது வருடக்கணக்கில் திறந்து பழகாதது. நகம் உடைந்தது. பிறகு விட்டது.

மண்டபத்தில் ஒரு கணம் நாதஸ்வரம் தடுமாறியது. ஏதோ கனமான பொருள் சோபாவில் பொத்தென்று விழும் சத்தம். "ஐயோ, அப்பா!" என்று ஒரு குரல்.

குமரகுரு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். வேர்த்துக் கொட்டியது. மேசையில் கிடந்த பட்டையைப் பார்த்தான்.

"அடிப்பாவி, கழட்டிட்டயா? கட்டு. அவரு எந்திரிக்க முடியாமக் கெடக்கறாரு. தாலி கட்டற நேரம்!"

"எப்பக் குடுத்தீங்க?"

"எதை?"

"உங்க லேசுப்பட்டைய."

அவன் வாசலைப் பார்த்தான். நேரமில்லாததால் உண்மை சீக்கிரம் வந்தது. "புனேல எனக்கு வட்டுக்கு ஊசி போட்டாங்க. வலி போயிருச்சு. பட்டை சும்மாதான கெடந்துச்சு. அவருக்கு ஊட்டுக்காரம்மா முதுகு போச்சு, ஆள் இல்லீன்னாரு. குடுத்தேன்."

"இடுப்புல இருக்கறது?"

"அது சும்மா வயித்துப் பெல்ட்டு. நீ சங்கடப்படுவீன்னு…"

"வலி போனப்ப எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? நானும் கழட்டியிருப்பேன்."

குமரகுருவுக்கு அந்தக் கேள்வி உண்மையாகவே புரியவில்லை. அதை அவன் முகத்தில் பார்த்தாள். "நீதான் பழகிட்டயே சுகந்தி" என்றான், கெஞ்சலாக. "எப்படியும் கட்டிட்டுத்தான இருக்கற. என்ற கனமா இருந்தா என்ன, அவரு கனமா இருந்தா என்ன? உனக்கு ஒண்ணுதான?"

அவள் உள்ளே அந்தப் பழைய அடுப்பைத் தேடினாள். எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இவ்வளவு காலம் அதில் வெந்துகொண்டிருந்தது யார் என்று இப்போது தெளிவாகத் தெரிந்தது. இகழ்ந்துகொண்டே சுமந்தவள் சுமந்தவள்தான். முதுகுக்கு இகழ்ச்சி கணக்கில்லை.

"ஒண்ணுதான்" என்றாள். "யாரு கட்டுனாலும் ஒண்ணுதான். நீங்க கட்டிக்குங்க."

"நானா? ஊசி போட்ட டாக்டரு கனமே தூக்கக் கூடாதுன்னிருக்காரு!"

"அப்ப வேண்டாம். வெளிய போயி, முடியாதுன்னு ஜி.எம். கிட்டச் சொல்லீட்டு வாங்க."

வெளியே ஐயர், முகூர்த்தம் தவறுகிறது என்று மைக்கில் அழைத்தார். குமரகுரு கதவைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். ஒருமுறை சுகந்தியைப் பார்த்தான், அவள் மனம் மாறியிருக்கிறதா என்று. அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முடியாது என்று அவன் சொல்லப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஒருவேளை சொல்லிவிடுவானோ என்று ஒரு விநாடி காத்திருந்தாள். அந்த விநாடிக்காகத் தன்மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது.

அவன் சட்டையைத் தூக்கி, வயிற்றை உள்ளிழுத்து, கனப்பட்டையைக் கட்டினான். கொக்கி எட்டவில்லை. "சித்த புடி" என்றான். அவள் பிடிக்கவில்லை. அவனே மூச்சு முட்ட இழுத்து மாட்டினான். மாட்டியதும் "அம்மா" என்று ஒரு சத்தம் போட்டு மேசையைப் பிடித்துக்கொண்டான். வெளியே கெட்டிமேளம் கொட்டியது. தாமோதரசாமி எழுந்து நின்றுவிட்டார்.

சுகந்தி பந்திக்குப் போனாள். இலை போட்டிருந்தார்கள். ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, நெய் விட்ட பருப்பிலிருந்து தொடங்கினாள். சற்று நேரத்தில் குமரகுரு அவள் பின்னால் வந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். உடம்பு கேள்விக்குறி மாதிரி வளைந்திருந்தது. பரிமாறுகிறவர், "அண்ணா, உக்காருங்க" என்றார். உட்காரக்கூட அவனுக்குப் பயமாக இருந்தது.

"எப்படி சுகந்தி இத்தன வருசம்…" என்று குனிந்து கேட்டான். முகம் கோணியது. "எம்பறாரு. எதுக்கு இப்படி எம்பறாரு?"

"பழக்கம்."

"எப்பத்தான் உக்காருவாரு?"

அவள் மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். தாலி கட்டி முடித்த உற்சாகத்தில் தாமோதரசாமி நின்றபடியே எல்லாருக்கும் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார். கஸ்தூரி கூட்டத்தைத் தாண்டிப் பந்திப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த முகத்தில் ஏதோ இருந்தது.

"வரிசை வாசலத் தாண்டி நிக்குது" என்றாள் சுகந்தி. "ஒவ்வொருத்தருக்கும் எந்திரிப்பாரு." பரிமாறுகிறவரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துங்க" என்றாள்.

இலையை மடித்துவிட்டு எழ முயன்றாள். இடுப்பில் அது கடித்தது. பழைய இடத்தில், பழைய மாதிரியே, இடது கால் வரை இறங்கியது. டாக்டர் சொன்னது சரிதான், முதுகெலும்பு எதையும் மறப்பதில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், மெல்ல நிமிர்ந்தாள். வலி முழுசாக அங்கேயே இருந்தது. அதன்மேல் யாரும் ஏறி நிற்கவில்லை.